ஷேடர் தேடிய பையனும் இருபதாம் தேதி ரிட்டர்னும்

ஈரோட்டில் வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். ஜவுளிக்கடை, தறிப்பட்டறை, மஞ்சள் மண்டி என்று 23 பார்ட்டிகளுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது வேலை. 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

லேப்டாப் ஒன்றுதான். பகலில் எனக்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் எட்டாவது படிக்கிற பையனுக்கு. அவன் மைன்கிராஃப்ட் விளையாடுவான், நான் பக்கத்தில் துணி மடிப்பேன். ஒரே விண்டோஸ் கணக்கு, ஒரே குரோம். என் ஜிமெயில், இன்ஸ்டாகிராம், பார்ட்டிகளின் ஜிஎஸ்டி லாகின் எல்லாம் அதிலேயே சேமித்துக் கிடந்தன. போதாததற்கு டெஸ்க்டாப்பில் 'பாஸ்வேர்ட்' என்றே பெயர் வைத்து ஓர் எக்செல் ஷீட். இதைப் படிக்கிற கணக்குக்காரர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு உங்கள் டெஸ்க்டாப்பையும் ஒருமுறை பாருங்கள்.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு இன்னும் இரண்டு நாள். காலையில் நாத்தனார் போன் செய்தாள்.

“என்ன அண்ணி, பிட்காயின் யாவாரத்துல எறங்கிட்டீங்களாட்டம் இருக்குது?”

என் இன்ஸ்டாகிராமில் நான் போடாத ஒரு ஸ்டோரி. பத்தாயிரம் போட்டு லட்சம் எடுத்தேன், விவரம் வேண்டுவோர் செய்தி அனுப்புங்கள் என்று என் பெயரில், நான் சேலை கட்டி நிற்கிற படத்துக்கு மேலேயே எழுதியிருந்தது. உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்ட் மாறியிருக்கிறது. பாஸ்வேர்ட் மாறினால் மெயிலுக்குத் தகவல் வருமே, வரவில்லையே என்று ஜிமெயிலைத் துழாவினேன். தகவல் வந்துதான் இருந்தது, குப்பைத் தொட்டியில். ஜிமெயில் அமைப்புகளில் யாரோ ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்கள்: 'செக்யூரிட்டி' என்ற சொல் வரும் மெயிலெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஜிமெயிலுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தேன். புது இடத்தில் திறந்தால் என் போனில் கேட்கும். ஆனால் போனில் எதுவும் கேட்கவே இல்லை.

பையனைக் கேட்டேன். “நான் ஒண்ணும் பண்ணலம்மா” என்றான், கண்ணைப் பார்க்காமல். பள்ளிக்கூடம் போய்விட்டான். சாயங்காலம்தான் அவன் நண்பனின் அம்மா மூலமாக விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே, விளையாட்டுப் பையன்கள் அரட்டை அடிக்கிற டிஸ்கார்டில், அவனுடைய கணக்கிலிருந்து நண்பர்கள் எல்லோருக்கும் '50 டாலர் ஸ்டீம் பரிசு' என்று ஒரு லிங்க் போயிருக்கிறது. “டேய், உன்னை ஹேக் பண்ணீட்டாங்கடா” என்று பையன்கள் அப்போதே சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை? ஜனவரியில் கீபோர்டில் மோரைக் கொட்டினபோது நான் கத்திய கத்து அப்படி. “இன்னொரு தடவை லேப்டாப்புக்கு ஏதாச்சும் ஆச்சு, மைன்கிராஃப்டே கிடையாது, பாத்துக்கோ.” ஞாயிறு ராத்திரியே அவன் சொல்லியிருந்தால் இன்ஸ்டாகிராம் போயிருக்காது. அந்த இரண்டு நாளைத் திருடனுக்குக் கொடுத்தது என் வாய்தான்.

நடந்தது இதுதான். யாரோ ஒருவரின் வீடியோவில் மைன்கிராஃப்ட் தண்ணீரில் சூரியன் மினுங்குவதைப் பார்த்திருக்கிறான். அதற்கு 'ஷேடர்' என்று ஒன்று போட வேண்டும். ஒரு வருடமாக அவன் போய்வரும் ரசிகர் தளம் ஒன்று உண்டு. எந்தக் கருவி எப்படிச் செய்வது, கோட்டை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் பொறுமையாக எழுதி வைத்திருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், நல்ல தளம்தான். அதில் ஷேடருக்கான பக்கத்தில் மூன்று பச்சை டவுன்லோட் பட்டன்கள். அதில் இரண்டு விளம்பரம். உண்மையான டவுன்லோட் பட்டனாகவே இல்லை; மூன்றாவது பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு லிங்க். மூன்றாவது பட்டனும் அறிவிப்புகளுக்கு அனுமதி கேட்பதற்காக வைத்ததுதான். பையன் அழுத்தியது இருப்பதிலேயே பெரியதை.

ஒரு ஜிப் ஃபைல் இறங்கியது. அதைத் திறக்கப் பாஸ்வேர்ட், அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது: 2025. உள்ளே 'செட்டப்' என்று ஒரு ஃபைல். 'ஆன்டிவைரஸ் தவறாகத் தடுக்கலாம், அணைத்துவிட்டு இயக்கவும்' என்று ஒரு குறிப்பு. அணைத்தான். இரண்டு முறை தட்டினான். மவுஸ் பக்கத்தில் வட்டம் இரண்டு விநாடி சுற்றியது, நின்றது. எதுவும் திறக்கவில்லை. “இது வேலை செய்யல” என்று ஃபைலை அழித்துவிட்டு, வேறெங்கோ ஷேடரை இறக்கி, தண்ணீர் மினுங்குவதைப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டான்.

வேலை செய்யவில்லை என்று அவன் நினைத்த அந்த இரண்டு விநாடிதான் அதன் வேலை. இப்படித் தகவல் திருடுகிற நிரலுக்கு இன்ஃபோஸ்டீலர் என்று பெயர். பழைய வைரஸ் மாதிரி கம்ப்யூட்டரை மந்தமாக்காது, திரையில் மண்டை ஓடு காட்டாது. குரோம் போன்ற பிரவுசர்கள் சேமித்த பாஸ்வேர்டுகளை விண்டோஸ் உதவியோடு பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால் அந்தப் பூட்டு நம் விண்டோஸ் கணக்கோடு கட்டியது. அதே கணக்கில் ஓடுகிற எந்த நிரலும் 'திற' என்றால் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். 2024 ஜூலையில் குரோம் 127ஆம் பதிப்பில் கூடுதலாக ஒரு பூட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே திருட்டு நிரல் எழுதுகிறவர்கள் அதற்கும் வழி கண்டுவிட்டார்கள்.

பாஸ்வேர்டைவிடக் குக்கிதான் முக்கியம். ஜிமெயிலில் ஒருமுறை ஓடிபி போட்டு நுழைந்துவிட்டால் மறுநாள் திரும்பக் கேட்பதில்லையே, ஏன்? 'இவர் ஏற்கெனவே சரிபார்த்து உள்ளே வந்தவர்' என்று ஒரு சீட்டு பிரவுசரில் இருக்கிறது. அந்தச் சீட்டையே எடுத்துக்கொண்டு போனால், திருடன் வாசலில் நிற்கவே வேண்டாம், ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன் ஆகிவிடுகிறான். என் போனில் ஏன் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. அதனால்தான் வங்கியில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அங்கே ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனித்தனியாக ஓடிபி. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியதுதான் தவறு.

அன்று ராத்திரி செய்த முதல் காரியத்தையே தப்பாகச் செய்தேன். லேப்டாப்பிலேயே உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற ஆரம்பித்தேன். நான்கு மாற்றிய பிறகுதான், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி போனில் கத்தினான்: “அக்கா, மொதல்ல அத நெட்டுல இருந்து எடு! புதுப் பாஸ்வேர்டையும் அவனுக்கே டைப் பண்ணிக் குடுத்துட்டு இருக்க!” சில ஸ்டீலர்கள் திருடிவிட்டுத் தானே மறைந்துவிடும், சில உள்ளேயே தங்கும். எது என்று நமக்குத் தெரியாது. தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அவன் சொன்ன வரிசைப்படி, வைஃபையை அணைத்துவிட்டு, என் போனிலிருந்து வேலையைத் தொடங்கினோம். முதலில் மெயில். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மீட்கிற வழி மெயில்தானே, அதனால் மெயில்தான் முதல். பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் போதாது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்பதையும் கொடுக்க வேண்டும், அப்போதுதான் திருடிய சீட்டு செல்லாமல் போகும். அதோடு அந்த ஃபில்டரை அழிப்பது, வேறு முகவரிக்கு மெயிலைத் திருப்பிவிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது, மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் நம்முடையதுதானா என்று பார்ப்பது. என் மீட்பு முகவரியாக ரஷ்யக் கடைசிப் பெயர் கொண்ட ஏதோ ஒரு முகவரி ஏறியிருந்தது. பிறகு இன்ஸ்டாகிராம், முகத்தை வீடியோ எடுத்து அனுப்பி, மூன்று நாள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. டிஸ்கார்டில் பாஸ்வேர்டை மாற்றினாலே டோக்கன் என்கிற அதன் பழைய சீட்டு செத்துவிடும், அது சுலபம்.

கஷ்டமானது எக்செல் ஷீட். அது போயிற்றா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. போனதாகவே வைத்துக்கொண்டு, 19ஆம் தேதி காலை ஒவ்வொரு பார்ட்டிக்காக ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாற்றினேன், பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து. ஆறு பேருடையது ஷீட்டிலேயே பழசாக இருந்தது, 'மறந்துவிட்டது' என்ற வழியாகப் போக வேண்டியிருந்தது. ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் போகும். மஞ்சள் மண்டிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல்.

“அண்ணா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்க.”

“ஏனுங்க அம்மிணி, ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போன தீவாளிக்கு நீங்கதான சொன்னீங்க?”

என்ன பதில் சொல்வது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டிக்கே போனேன். அவர் போனைக் கையில் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆறு பேரில் ஒழுங்காகப் பாடம் படித்தவர் அவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரும் கேட்டதும் சொல்லிவிட்டார்கள்.

லேப்டாப்பை மொத்தமாகத் துடைத்து விண்டோஸ் மறுபடி ஏற்றினோம். ஆன்டிவைரஸ் விட்டு ஸ்கேன் செய்து 'சுத்தம்' என்று வந்தால் போதாதா என்று கேட்டேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டிய ஒன்றைப் பற்றி அந்த ஆன்டிவைரஸின் சான்றிதழை எப்படி நம்புவது என்றான் தம்பி. டாலி டேட்டா, எக்செல், போட்டோ மட்டும் எடுத்து வைத்தோம். இறக்கி வைத்திருந்த செட்டப் ஃபைல் எதையும் எடுக்கவில்லை. 20ஆம் தேதி இரவு பதினொன்றேகால் மணிக்குக் கடைசி ரிட்டர்ன் போனது. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஒரு புகார் பதிந்து வைத்தேன். நாளைக்கு ஏதாவது பார்ட்டியின் கணக்கில் கோளாறு வந்தால் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்பதற்காக. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை வழியில் நிறுத்துவது கடினம்.

எல்லாம் முடிந்தபின் அந்த ரசிகர் தளத்தின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. போனில் அதே பக்கத்தைத் திறந்தேன், படம் பிடித்து வைக்கலாம் என்று. அதே இடத்தில் ஒரு நகைக்கடையின் செய்கூலி தள்ளுபடி விளம்பரம்! திரும்பத் திரும்பத் திறந்தேன். சேலை, பிரஷர் குக்கர், ஏதோ கல்லூரி. பச்சைப் பட்டனைக் காணவே காணோம்.

விளம்பர இடத்தை நிரப்புவது தளக்காரர் இல்லை. பக்கம் திறக்கிற அந்தக் கணத்தில், கண் இமைப்பதற்குள், அந்த இடம் ஏலம் போகிறது. எந்த ஊர், என்ன கருவி, என்ன பிரவுசர் என்ற விவரத்தோடு பல தரகர் கைகள் மாறி, அதிக விலை கேட்டவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. தளத்தை நடத்துகிறவருக்கு என்ன விளம்பரம் ஓடியது என்பதே தெரியாது. திருட்டு விளம்பரம் கொடுக்கிறவன் அதைப் பரிசோதிக்கிற நிறுவனத்துக்கு நல்ல முகத்தைக் காட்டுவான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் வருகிற ஆளுக்கு மட்டும் வேறு முகம். போனில் வந்த எனக்கு நகைக்கடை. பெரிய தளங்களும் தப்பவில்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி பக்கங்களிலேயே இப்படி நச்சு விளம்பரம் ஓடியிருக்கிறது. அன்றைக்கு ஃப்ளாஷ் போன்றவற்றின் ஓட்டைகள் வழியாகக் கிளிக் செய்யாமலேயே உள்ளே நுழைந்தார்கள். ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது, பிரவுசர்களும் கெட்டியாகிவிட்டன. அதனால் இப்போது பெரும்பாலும் நம் கையாலேயே ஓட்ட வைக்கிறார்கள்.

சம்பவம் நடந்து மூன்று வாரத்தில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. திருட்டுப் பட வீடியோ தளங்களின் விளம்பரங்களில் தொடங்கி, ஸ்டீலர் வரைக்கும் கொண்டுபோய்விட்ட ஒரே தொடரில் உலகம் முழுக்க ஏறத்தாழ 10 லட்சம் கருவிகள் மாட்டியிருந்தன. அதே ஆண்டு மே மாதம் லுமா என்ற ஸ்டீலரின் கட்டமைப்பை முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் அது புகுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் 3,94,000. என் பையன் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்கள் ஒரு விதத்தில் ஆறுதல்.

இப்போது வீட்டில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். பெரிய செலவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, லேப்டாப்பில் அவனுக்குத் தனி விண்டோஸ் கணக்கு, அட்மின் உரிமை இல்லாமல். பத்து நிமிட வேலை. அவன் கணக்கில் ஸ்டீலர் ஓடவே ஓடாது என்று இதற்குப் பொருளில்லை; ஓடும். ஆனால் அவனுடைய டிஸ்கார்டோடு நிற்கும். என் கணக்கின் பூட்டை அவன் கணக்கிலிருந்து திறக்க முடியாது, ஆன்டிவைரஸை அணைக்கவும் என் பாஸ்வேர்ட் வேண்டும். எக்செல் ஷீட் ஒழிந்தது. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பிட்வார்டன் என்ற செயலியில் வைத்திருக்கிறேன், அதற்கான ஒரே பாஸ்வேர்ட் எங்கேயும் எழுதி வைக்காமல் தலையில் இருக்கிறது.

அவன் பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். குரோமில் அதன் முழுப் பதிப்பு இப்போது ஓடுவதில்லை, லைட் பதிப்புதான். விளம்பரமே வராவிட்டால் மூன்று பட்டனில் எது என்ற பரீட்சையே இல்லை. விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே பொதுமக்களுக்குச் சொன்னது. ஆனால் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து நிறுவ வேண்டும். இதே பெயர்களின் சாயலில் போலித் தடுப்பான்கள் வந்ததுண்டு. ரசிகர் தளங்கள் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. கணக்கெழுதுகிறவள் நான், வரவில்லாமல் எதுவும் ஓடாது என்று தெரியும். நன்கொடை வாங்குகிற தளமென்றால் வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது, விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் தெரியும்படி வைத்தோம். சாதாரணமாக அது மறைந்திருக்கும். அவனுடைய விளையாட்டுக்கு எது என்ன வால் என்று அவனையே எழுதச் சொன்னேன், சுவரில் ஒட்டியிருக்கிறது: ஷேடர் என்றால் ஜிப், அப்படியே ஃபோல்டரில் போட வேண்டும், பிரிக்கவே வேண்டாம், மாட் (விளையாட்டில் புதிதாக எதையாவது சேர்க்கிற ஃபைல்) என்றால் ஜார், எக்ஸ்இ என்று வந்தால் அது ஷேடரே இல்லை. ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் இருந்தால் ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் பூட்டியிருக்கிறார்கள். மாட்களை மாட்ரின்த், கர்ஸ்ஃபோர்ஜ் மாதிரி எல்லோரும் புழங்குகிற இடத்தில்தான் எடுக்கிறான். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜிலேயே சில மாட்களுக்குள் ஃப்ராக்சரைசர் என்ற நிரல் புகுந்திருந்தது. புதிதாக வந்ததும் இறக்காமல் ஒரு வாரம் பொறுக்கிறான். பொறுமை அவனுக்கு இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

மாமியார் போனில் 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது தனிக் கதை. அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் 'அனுமதி' என்பதைத் தட்டியிருக்கிறார். குரோம் அமைப்பில் அறிவிப்புகளுக்குள் போய் அந்தத் தளத்தை நீக்கினேன், ஓய்ந்தது.

ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறையில், ஒரு மத்தியானம் நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது பையன் கூப்பிட்டான். “அம்மா, இங்க வா. எதையும் தொடல நான்.” இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள் என்ற பெட்டி. ஆனால் படத்தில் பஸ்ஸைத் தேடச் சொல்லவில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தவும், கன்ட்ரோலோடு வி அழுத்தவும், பிறகு என்டர் தட்டவும் என்றிருந்தது.

“ரன் பெட்டி திறக்கறதுக்கும் ரோபோவுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

கட்டளையை டைப் செய்து ஓட்டுகிற விண்டோஸ் பெட்டி அது. எனக்கும் தெரியவில்லை. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம், ரன் பெட்டியில் இல்லை. நாம் எதையும் காப்பி செய்யாமலே அந்தப் பக்கம் ஒரு நீள வரியைக் காப்பி செய்து வைத்திருந்தது. விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கிற நிரலின் பெயரான பவர்ஷெல் என்று தொடங்கி, யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல், கடைசியில் மட்டும் தெளிவான ஆங்கிலத்தில், நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இன்னது என்று. பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். “ரன் பெட்டி சின்னதும்மா. ஒட்டினா கடைசித் துண்டு மட்டுந்தான் தெரியும். அதான் இத வால்ல வெச்சிருக்காங்க.”

நானாக இருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சரி, தடுப்பான் இருக்கும்போது இது எப்படி வந்தது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

“அந்த சைட்டு, ஆட் பிளாக்கர ஆஃப் பண்ணாத்தான் உள்ள விடுவேன்னுச்சு. ஆஃப் பண்ணீட்டேன். திட்டுவியா?”

திட்டத்தான் வாய் வந்தது.

“மொதல்ல அந்த டேப்ப மூடு கண்ணு. சோறு ஆறுது.”